மூன்றாம் தண்ணீர்

மேலகரம் இசக்கியப்பன் வீட்டில் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. பேச்சுதான் நின்றதே தவிர, சண்டை நிற்கவில்லை. அம்மா ஆவுடைத்தாயை நடுவில் நிறுத்தி, அவள் காது வழியாக இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற இசக்கியப்பனுக்கு இடது கன்னத்தில் புற்று. பாதி நாக்கையும் பாதித் தாடையையும் எடுத்த அறுவை முடிந்து, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் வைத்து முடிந்து, எல்லாம் போயிற்று என்று நினைத்திருந்தபோது மறுபடி வந்தது. இந்த முறை தாடையைத் தாண்டிக் கழுத்தில் இறங்கிவிட்டது. வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கும் மருந்து ஆராய்ச்சியில் சேருங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ட்ரிப்பில் ஏற்றும் மருந்து ஒன்று, தினமும் கொடுக்கும் மாத்திரை ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் முற்றிய புற்று எவ்வளவு காலம் அடங்கிக் கிடக்கும் என்று பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி.

மகள் நிர்மலாதேவி அப்பாவைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். மகன் தேவாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கப்பா என்ன எலியா?" என்று அவன் கத்தினான். "நீ டாக்டருக்குப் படிச்சிட்டு வந்து காப்பாத்துலே" என்று அவள் திருப்பிக் கத்தினாள். அதுதான் அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு அடுத்த ட்ரிப்.

தென்காசியில் குடியிருக்கும் நிர்மலா, மின்வாரிய அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவைக் கூட்டிப்போகக் காரை எடுத்துக்கொண்டு காலையிலேயே மேலகரத்துக்குக் கிளம்பினாள். சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. மனதுக்குள் கொஞ்சம் தெம்பு இருந்தது. போன ட்ரிப்புக்குப் பிறகு அப்பாவின் கழுத்துக் கட்டி இளகியிருந்தது. அவர் "தாயி" என்று கூப்பிட்டது அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

வீட்டு முன்னால் இறங்கியதும் அந்தத் தெம்பு போய்விட்டது. நிலைப்படியில் வேப்பங்குலை கட்டியிருந்தது.

"ஏட்டி, நில்லு அங்கனயே!"

உள்ளிருந்து ஆவுடைத்தாய் வந்தாள். மஞ்சள் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது? ஆருக்கு என்ன?"

"அப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு. மூஞ்சி, நெஞ்சு, முதுகெல்லாம் முத்து முத்தா. வெள்ளிக்கிழமை பாத்து ஆத்தா இறங்கியிருக்கா. நீ அங்கயிங்க அலைஞ்சிட்டு வந்த காலோட உள்ள வரக்கூடாது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அம்மை கண்ட வீட்டுல இருந்து ஊரெல்லாம் போன் போடுவாங்களாட்டி?"

நிர்மலா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"மாத்திரை குடுக்கியா இல்லையா?"

"ஆத்தா இருக்க உடம்புல மருந்தா? அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுதேன். தாளிதம் கிடையாது. மூக்குக் குழாய்ல இளநியும் கஞ்சித் தண்ணியும்தான் போகுது."

"எம்மா, இது அம்மை இல்லம்மா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"



நிர்மலாவுக்குத் தெரியும். சேர்க்கும் அன்றைக்கே டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மாத்திரை சாப்பிட்டால் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி சிவந்து சிவந்து வரும், பயப்படாதீர்கள், உடனே எங்களுக்குச் சொல்லுங்கள், அதற்குக் களிம்பு இருக்கிறது, சில பேருக்கு மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்பதற்கே அது அடையாளமாக இருக்கும் என்றெல்லாம் விளக்கினார். அப்பா அந்த நேரம் ஸ்கேன் அறையில் இருந்தார். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். இவள் சரி சரி என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேவா அதையே பிடித்துக்கொண்டு ஆடுவான் என்று பயம். எங்கப்பா என்ன எலியா என்று கத்துகிறவன் கையில் இதையும் எடுத்துக் கொடுப்பானேன் என்று நினைத்தாள். தம்பியை ஜெயிப்பதற்காக மறைத்தாள் என்பதுதான் உண்மை. வேறு எப்படிச் சொன்னாலும் அது பூசி மெழுகுவதுதான்.

ஜன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது. மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய குழாய். நெற்றியிலும் வலது கன்னத்திலும் செக்கச்செவேலென்று பொரிகள், அதன் மேல் காய்ந்த பச்சை விழுது. அவர் மகளையே பார்த்தார். மகள் குனிந்துகொண்டாள்.

"எம்மா, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். இடையில நாமளா மருந்த நிப்பாட்டினா ஆராய்ச்சியில இருந்தே எடுத்துருவாங்க. பொறவு அந்த மருந்து எங்கயும் கிடைக்காது. அப்பாவ வெளிய விடும்மா."

"இன்னைக்குத்தான் முதத் தண்ணி ஊத்துதேன். வெள்ளிக்கிழமை ரெண்டாந் தண்ணி, அடுத்த செவ்வாய் மூணாந் தண்ணி. அதுக்கு முந்தி அந்த மனுசன் படியிறங்கினா கண்ண அவிச்சிருவா ஆத்தா. நீ பொறுப்பியாட்டி?" ஆவுடைத்தாயின் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "நான் மட்டும் சொல்லல. தேவாவும் பாத்துட்டுத்தான் நிப்பாட்டச் சொன்னான். அவன் வந்து சொல்லட்டும், விடுதேன்."

தேவா! நிர்மலாவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. போன் போட்டால் எடுக்க மாட்டான், இவள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறான். காரைத் திருப்பினாள்.

குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் தாராளமாக விழுந்தது. கூட்டமும் தாராளமாக இருந்தது. கான்ஸ்டபிள் தேவா மழைக்கோட்டோடு ஆண்கள் பக்கம் நின்று, விசில் ஊதி ஊதி ஆட்களை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ பச்ச டவுசர், அருவிய வீட்டுக்கா கொண்டுபோகப் போறே? வெளிய வா!"

எண்ணெயும் சீயக்காயும் வழிந்த பாதையில் வழுக்கி வழுக்கி நிர்மலா இறங்கி வந்தாள். குடை காற்றில் திரும்பிக்கொண்டது.

"ஏலே தேவா!"

அவன் திரும்பினான். அக்கா தன் பெயரைச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அதில் பாசம் ஒன்றும் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"இங்கன என்ன? லேடீஸ் அந்தப் பக்கம்."

"அப்பா மாத்திரைய நிப்பாட்ட நீ ஆருலே?"

"மகன்."

"கொல்லப் பாக்கியா?"

"கொல்லுதது நானா?" தேவா விசிலைக் கீழே விட்டான். "மனுசன் மூஞ்சியப் பாத்தியா? நெருப்புல விழுந்த மாதிரி இருக்கு. நல்லா இருந்த தோலையும் கெடுத்தாச்சு. இருக்க நாளுல நிம்மதியா இருக்கட்டும்னா கேட்டியா? உனக்கு நீதான் பெரிய மேதைன்னு காட்டணும்."

எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் கையில் கிண்ணத்தோடு வேடிக்கை பார்த்தார். குளிக்க வந்த கூட்டமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"அது அம்மை இல்லலே. அந்த மாத்திரையால வருதது."

"யார் சொன்னா?"

"டாக்டர்."

"இப்ப போன் போட்டுக் கேட்டியா?"

"இல்ல. சேத்த அன்னைக்கே சொன்னாரு."

தேவா இன்னும் ஓரடி கிட்ட வந்தான்.

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்பே?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"சீ!" என்றான் தேவா. "நீ எல்லாம் ஒரு அக்கா."

"அண்ணாச்சி, இங்கன ஒருத்தன் வழுக்கி விழுந்துட்டான்" என்று எண்ணெய்க்காரர் கூப்பிட்டார். தேவா போய் அந்த ஆளைத் தூக்கி நிறுத்தினான். திரும்பி வரும்போது மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"இன்ஸ்பெக்டர்ட்ட பெர்மிஷன் கேட்டுட்டு வாரேன். உனக்காக இல்ல. நீ செஞ்சத அப்பாகிட்ட நானே சொல்லணும்."

அவன் பைக்கில் முன்னே போனான். அவள் காரில் பின்னே போனாள். மேலகரம் வரை அவள் முறைத்த முறைப்பில் அவன் முதுகு பொசுங்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

வீட்டில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து முற்றத்தில் பித்தளை அண்டாவை வைத்திருந்தாள் ஆவுடைத்தாய். சாரலில் வெயில் எங்கே வந்தது? தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. ஓரமாக மர ஸ்டூலில் இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு.

தேவா படியேறுவதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டான்.

"எம்மா, இது அம்மை இல்லையாம். மாத்திரையால வருததாம். அக்காவுக்கு முதல்லயே தெரியுமாம். தெரிஞ்சே மறச்சு வச்சிருக்கா!"

உதவி செய்கிற குரல் இல்லை அது, குற்றவாளியை ஸ்டேஷனில் கொண்டு வந்து தள்ளுகிற குரல். நிர்மலா வாசலிலேயே நின்றாள்.

ஆவுடைத்தாய் மகளைப் பார்த்தாள். "நெசமாட்டி?"

"ஆமாம்மா."

"நாலு நாளா தூங்காம கெடக்கேன். என்ன குத்தம் செஞ்சேன், எந்த நேத்திக்கடனை மறந்தேன்னு ஆத்தா கால்ல விழுந்து கெடக்கேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்புதாம்மா. இப்ப கிளம்பினாப் போதும்மா, நேரம் போகுது."

அதற்கு ஆவுடைத்தாய் சொன்ன பதிலை அக்காவும் எதிர்பார்க்கவில்லை, தம்பியும் எதிர்பார்க்கவில்லை.

"மாத்திரையால வந்ததோ, மண்ணாங்கட்டியால வந்ததோ, வேப்பிலையக் கட்டி, ஆத்தான்னு கூப்பிட்டு உக்கார வச்சாச்சு. கூப்பிட்டுட்டு, நீ இல்ல தாயே, வேற ஆளு, எந்திரிச்சுப் போன்னு சொல்ல முடியுமா? மூணு தண்ணி ஊத்தித்தான் அனுப்பணும்."

"அம்மா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரே நேரத்தில் கத்திவிட்டதற்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

இசக்கியப்பன் ஸ்டூலைத் தட்டினார். வீடு அடங்கியது. பாதி நாக்கும் பாதித் தாடையுமாக அவர் பேசுவதைப் புரிந்துகொள்ள நிதானம் வேண்டும். அவரும் நிதானமாகவே பேசினார்.

"நிர்மலா. என் மூஞ்சியில வருதது… என்கிட்ட சொல்லக்கூடாதாட்டி?"

நிர்மலாவுக்குக் கண்ணீர்தான் வந்தது. தம்பியிடமும் அம்மாவிடமும் சொல்ல ஒரு சாக்கு இருந்தது. இதற்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

தேவாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"நீ சிரிக்காதலே. எலி எலின்னியே. எலியக் கூண்டுல போட்டு அடைச்சது ஆரு? நீதாம்லே. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஊத்து" என்றார் மனைவியிடம், அண்டாவைக் காட்டி.

"இன்னைக்கு ஒரு தண்ணிதான்…"

"மூணும் ஊத்து."

"ஆகாதுங்க. நாள் இருக்கு, கணக்கு இருக்கு."

"எனக்கும் நாள் இருக்கா? நாளெண்ணிக்கிட்டு இருக்கவனுக்கு எங்க வச்சு மூணு தண்ணி?"

ஆவுடைத்தாய் அசையவில்லை. இசக்கியப்பன் எழுந்தார். செம்பை எடுத்து அண்டாவில் முக்கினார். இடது கை விரலால் மூக்குக் குழாயின் நுனியை அழுத்தி மூடிக்கொண்டு, வலது கையால் செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் முகத்தில் இறங்கியது. பொரிகளில் பட்டதும் எரிந்திருக்கும், கண்ணை இறுக்கிக்கொண்டார்.

"முதத் தண்ணி."

தேவா முன்னால் வந்தான். அப்பா கையை நீட்டித் தடுத்தார். மறுபடி முக்கினார். இந்த முறை செம்பு தலை வரை போகவில்லை. பாதி தோளில் கொட்டியது. உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"ரெண்டாந் தண்ணி."

மூன்றாவது செம்பைத் தூக்க முடியவில்லை. அண்டாவின் விளிம்பில் செம்பு தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. விடவும் மாட்டேன் என்கிறார். நிர்மலா வாசற்படியைத் தாண்டி ஓடிவந்தாள். அதற்குள் ஆவுடைத்தாய் செம்பைப் பிடுங்கிவிட்டாள்.

"குழாய்க்குள்ள தண்ணி போனா என்னய்யா ஆகும்? கூறு வேண்டாம்? ஏட்டய்யான்னு பேரு மட்டும் இருந்தாப் போதுமா?" என்று வைதுகொண்டே, அவர் மூக்குக்கு நேரே தன் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, தலையில் மெல்ல ஊற்றினாள். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டாளா, சண்டை போட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

"மூணாந் தண்ணி" என்றாள். துண்டை எடுத்து அவர் முகத்தை ஒற்றினாள். பிறகு வாசலுக்குப் போய் வேப்பங்குலையை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

"ஆத்தாவ அனுப்பியாச்சு. வண்டிய எடுலே" என்றார் இசக்கியப்பன்.

நிர்மலா கார்ச் சாவியை நீட்டினாள். தேவா அவள் முகத்தைப் பார்க்காமல் பிடுங்கிக்கொண்டான்.

தென்காசியைத் தாண்டியதும் சாரல் விட்டுவிட்டது. பாவூர்சத்திரம் பக்கம் வெயில்கூட அடித்தது. பின் சீட்டில் அப்பாவும் அம்மாவும். முன்னால் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதால் ஏதோ வண்டி நேராகப் போனது.

நிர்மலாவின் போன் அடித்தது. ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் மஞ்சு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், கிளம்பிட்டீங்களா? சாருக்கு ட்ரிப் ரெடி பண்ணணும். ஒரே ஒரு கேள்வி. மாத்திரை ஒழுங்கா போகுதா? நடுவுல எதுவும் விடலையே?"

நிர்மலா தம்பியைப் பார்த்தாள். தேவாவும் அவளைப் பார்த்தான். அவன் தலை மிக லேசாக, இல்லை என்று ஆடியது. சொல்லாதே என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அக்காவும் தம்பியும் ஒத்துப்போனார்கள்.

"இல்ல சிஸ்டர். ஒரு நாளும் விடல" என்றாள் நிர்மலா.

"ரொம்ப நல்லது மேடம். அப்ப நான் எழுதிக்கிடுதேன்…"

பின் சீட்டிலிருந்து மஞ்சள் படிந்த கை ஒன்று நீண்டு போனை வாங்கியது.

"எம்மா," என்றார் இசக்கியப்பன், ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி. "எழுதாத. மாத்திரை… வெள்ளிக்கிழமையோட நின்னுட்டு. மூஞ்சியெல்லாம் பொரி. அம்மைன்னு நெனச்சு… நிப்பாட்டிட்டாங்க."

"எப்பா!" தேவா கத்தினான். "உங்கள வெளிய அனுப்பிருவாங்கப்பா! வாய மூடிக்கிட்டு இருங்களேம்ப்பா!"

எலி என்று கத்தியவன் குரல்தான் அது. நிர்மலா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"பொய் எழுதின கேஸு நிக்காதுலே" என்றார் அப்பா. "ஸ்டேஷன்ல எத்தனையோ பாத்திருக்கேன். நான் பொழச்சாலும் செத்தாலும்… உள்ளத எழுதட்டும். எனக்குப் பொறவு அந்த மாத்திரைய இன்னொருத்தன் விழுங்கணும்லா?"

ஆவுடைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சார்," என்றாள் மறுமுனையில் மஞ்சு. "இதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. பெரிய டாக்டர்ட்ட கேக்கணும். உங்கள வச்சுக்கிடலாமா வேண்டாமான்னு அவருதான் சொல்லணும். லைன்லயே இருங்க."

போனில் வீணை வாசிப்பு ஓடத் தொடங்கியது. முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. இசக்கியப்பன் போனை மடியில் வைத்துக்கொண்டு, காய்ந்து இறுகிய மஞ்சளைக் கன்னத்திலிருந்து சுரண்டினார்.

"பதில் வருத வரைக்கும் வண்டிய ஓரங்கட்டட்டுமா?" என்று தேவா கேட்டான். யாரிடம் கேட்டான் என்று சொல்லவில்லை.

"வேண்டாம்லே. போ" என்றாள் நிர்மலா.

தேவா வேகத்தைக் குறைக்கவில்லை.